ஜெனெட் ரேங்கின்: தேர்தல்களும் அவையில் அளித்த வாக்குகளும்

ஜெனெட் ரேங்கின் (ஜூன் 11, 1880 – மே 18, 1973) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆவார். மொன்டானா மாநிலத்திலிருந்து குடியரசுக் கட்சியின் சார்பில் 1916-இலும் 1940-இலும் பிரதிநிதிகள் சபைக்கு வென்றார். அச்சபையின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஆக, 92 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலம் மொத்தம் நான்கே ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு உலகப்போர்களும் அவர் முன் வாக்கெடுப்புக்கு வந்தன. இரண்டிலும் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் அவர்.

இவ்விரு 'இல்லை' வாக்குகளே பெரும்பாலான வரலாற்று நூல்களில் அவரைப் பற்றிச் சொல்லப்படுகின்றன. ஆனால் அவைக் குறிப்புகளை முழுமையாகப் பார்த்தால் போர் பற்றிய வாக்கெடுப்புகளில் அவர் 'ஆம்' என்று சொன்ன இடங்களும் உண்டு. ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் விட்ட இடமும் உண்டு. அதேபோல, போரை எதிர்த்ததால்தான் அவர் பதவியை இழந்தார் என்ற கூற்றும் பாதி உண்மையே. தொகுதி எல்லைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

வாக்குரிமை இயக்கத்திலிருந்து வேட்பாளராக

மொன்டானா மாநிலமாகும் முன்பே, மிசௌலா நகருக்கு அருகிலுள்ள பண்ணை ஒன்றில் ரேங்கின் பிறந்தார். தந்தை பண்ணை உரிமையாளர். தாய் முன்னாள் பள்ளி ஆசிரியை. 1902-இல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியலில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் சமூகப்பணி பயின்றார். 1910-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பெண்கள் வாக்குரிமைக்காக நடந்த பரப்புரையில் சேர்ந்ததுதான் அவருடைய அரசியல் நுழைவு.

அன்று அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. மேற்கு மாநிலங்கள் பல அதை முன்கூட்டியே வழங்கின. ரேங்கின் 1911-இல் மொன்டானா சட்டமன்றத்தில் பெண்கள் வாக்குரிமைக்காகப் பேசினார். 1914 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் அம்மாநில ஆண்கள் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க இசைந்தனர். அந்தப் பரப்புரைக்காக ஊர் ஊராகச் சென்று ரேங்கின் கட்டிய அமைப்பு, இரண்டு ஆண்டுகளில் அவருடைய தேர்தல் அமைப்பாயிற்று. பணமும் திட்டமும் தம்பி வெலிங்டன் ரேங்கினுடையவை. அவர் வழக்கறிஞர், மாநில அரசியலில் செல்வாக்குள்ளவர்.

1916 தேர்தலும் இரட்டை வாக்கும்

1916-இல் மொன்டானாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் இரண்டு இடங்கள் இருந்தன. ஆனால் மாநிலம் இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்படவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். அதிக வாக்கு பெறும் முதல் இருவர் வெற்றி பெறுவர். ரேங்கினின் வெற்றியைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாடு முக்கியமானது. தன் கட்சிக்காரர் ஒருவருக்கு முதல் வாக்கைப் போட்ட ஒருவர், கட்சி கடந்து இரண்டாவதை ரேங்கினுக்குத் தர முடிந்தது.

கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் அவர் ஆண் போட்டியாளர்களை முந்தி முதலிடம் பெற்றார். நவம்பர் பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் எம். எவன்ஸ் முதலிடமும் ரேங்கின் இரண்டாமிடமும் பெற்றனர். அதே நாளில் குடியரசுத் தலைவர் பதவிக்கான தேர்தலில் மொன்டானா ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனைத் தேர்ந்தெடுத்தது. 'நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்' என்பதே வில்சனுக்காகச் செய்யப்பட்ட பரப்புரை. ரேங்கினும் போரிலிருந்து விலகியிருப்பதையே பேசினார். 1916 நவம்பரில் மொன்டானா வாக்காளர் இருவரிடமும் கேட்டது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஐந்து மாதங்களில் அவ்விருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர்.

1917 ஏப்ரல் 6

வழக்கப்படி புதிய காங்கிரஸ் டிசம்பரில்தான் கூடியிருக்க வேண்டும். ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல் தாக்குதல்களை அடுத்து வில்சன் சிறப்புக் கூட்டத்தை அழைத்ததால் ஏப்ரல் 2 அன்றே அவை கூடியது. காலையில் வாக்குரிமை இயக்கத்தார் ரேங்கினுக்கு விருந்தளித்தனர். நண்பகலில் அவர் உறுப்பினராகப் பதவியேற்றார். அன்று மாலையே வில்சன் அவைக்கு வந்து ஜெர்மனி மீது போர் அறிவிக்கக் கோரினார். அவையில் நுழைந்த முதல் பெண்ணுக்கு முதல் நாளே வந்த முதல் வேலை இது.

வாக்குரிமை இயக்கம் இதில் பிளவுபட்டிருந்தது. கேரி சாப்மன் கேட் தலைமையிலான பெரிய அமைப்பு போருக்குத் துணைநிற்பதாக உறுதியளித்திருந்தது. ரேங்கின் எதிர்த்து வாக்களித்தால் பெண்கள் ஆட்சிக்குத் தகுதியற்றவர் என்ற பேச்சுக்கு அது தீனியாகும் என்று பலர் அஞ்சினர். தம்பி வெலிங்டனும் 'ஆம்' என்று வாக்களிக்கும்படி வற்புறுத்தினார்.

ஏப்ரல் 4 அன்று செனட் சபை 82–6 என்ற கணக்கில் தீர்மானத்தை ஏற்றது. பிரதிநிதிகள் சபையின் விவாதம் ஏப்ரல் 6 அதிகாலை வரை நீண்டது. பெயர் அழைப்பு வாக்கெடுப்பில் எழுத்தர் ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும் வாசிப்பார். அவர் ஒரே சொல்லில் பதில் தருவார். பதில் தராதவர்களின் பெயர்கள் இரண்டாம் சுற்றில் மீண்டும் வாசிக்கப்படும். முதல் சுற்றில் ரேங்கின் பேசாமல் இருந்தார். முன்னாள் சபாநாயகர் ஜோசப் கேனன் அவரிடம் வந்து, நாட்டின் பெண்களுக்காக வந்திருக்கும் நீங்கள் வாக்களிக்காமல் இருக்கக் கூடாது என்றார். இரண்டாம் சுற்றில் ரேங்கின் எழுந்து, தம் நாட்டின் பக்கம் நிற்கவே விரும்புவதாகவும் ஆனால் போருக்கு வாக்களிக்கத் தம்மால் முடியாதென்றும் சொல்லி 'இல்லை' என்றார். வாக்கெடுப்பின் நடுவே விளக்கம் சொல்வது அவை மரபை மீறிய செயல்.

முடிவு 373–50. அந்த ஐம்பது பேரில் ஜனநாயகக் கட்சியின் அவைத் தலைவரான கிளாட் கிட்சினும், நியூயார்க்கின் சோசலிஸ்ட் உறுப்பினர் மேயர் லண்டனும் இருந்தனர். ஆயினும் செய்தித்தாள்கள் எழுதியது ரேங்கினைப் பற்றி மட்டுமே. அவர் அழுதார், விம்மினார் என்றெல்லாம் செய்தி வந்தது. அவையில் இருந்த ஃபியோரெல்லோ லா கார்டியாவிடம் இதைக் கேட்டபோது, தன் கண்களிலேயே நீர் நிறைந்திருந்ததால் தனக்குத் தெரியவில்லை என்று சொன்னார். லா கார்டியா போருக்கு ஆதரவாக வாக்களித்தவர்.

அந்த 'இல்லை'க்குப் பிறகு

பொதுவாக நூல்கள் இங்கிருந்து நேராக 1941-க்குத் தாவிவிடுகின்றன. ஆனால் ரேங்கினின் நிலைப்பாட்டை அறிய 1917 டிசம்பர் 7 வாக்கெடுப்பும் அதே அளவு தேவை. ஜெர்மனியின் நட்பு நாடான ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிக்கும் தீர்மானம் அன்று வந்தது. ரேங்கின் 'ஆம்' என்று வாக்களித்தார். எதிர்த்தவர் மேயர் லண்டன் ஒருவர் மட்டுமே.

ரேங்கின் தம் காரணத்தை அவையில் சொன்னார். போர் மடமையானது, பயனற்றது என்ற கருத்து தமக்கு மாறவில்லை. ஆனால் இது புதிய போருக்கான வாக்கெடுப்பு அல்ல, ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட போரை நடத்துவதில் ஒரு நடைமுறை விவரம் மட்டுமே. ஆகவே பணத்துக்கும் ஆட்களுக்கும் வாக்களித்ததைப் போலவே இதற்கும் வாக்களிப்பதாகக் கூறினார். கடைசிச் சொற்கள் கவனிக்கத்தக்கவை. போர் தொடங்கிய பின் அதற்கான நிதிக்கும் படை திரட்டலுக்கும் அவர் ஆதரவு தந்திருந்தார். போரில் இறங்குவதா என்ற கேள்வி ஒன்று, இறங்கிய நாட்டின் படைவீரர்களைக் கைவிடுவதா என்ற கேள்வி மற்றொன்று என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். தூய அமைதிவாதியாக மட்டும் அவரைக் காட்ட விரும்புவோருக்கு இந்த வாக்கு இடைஞ்சலாக இருப்பதாலோ என்னவோ, இது அதிகம் பேசப்படுவதில்லை.

பெண்கள் வாக்குரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தம் 1918 ஜனவரி 10 அன்று பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் ரேங்கின். வாக்கு 274–136. மொத்தம் 410 வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைந்தது 274 வேண்டும். சரியாக அவ்வளவே கிடைத்தது. ஒரு வாக்குக் குறைந்திருந்தாலும் திருத்தம் தோற்றிருக்கும். அவ்வாண்டு செனட் அதைத் தோற்கடித்தது. அடுத்த காங்கிரஸ் 1919-இல் மீண்டும் நிறைவேற்றி, 1920 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தபோது ரேங்கின் அவையில் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை தர வாக்களித்த ஒரே பெண் தாம் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு.

பியூட் சுரங்கமும் 1918 தோல்வியும்

மொன்டானாவின் செம்புச் சுரங்கங்களையும் மாநிலத்தின் பெரும்பாலான செய்தித்தாள்களையும் தன் செல்வாக்கில் வைத்திருந்தது அனகோண்டா நிறுவனம். 1917 ஜூன் 8 அன்று பியூட் நகரில் ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 160-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். வேலைநிறுத்தம் வெடித்தது. ஆகஸ்ட் 1 அன்று தொழிற்சங்க அமைப்பாளர் ஃபிராங்க் லிட்டில் கடத்தப்பட்டுத் தூக்கிலிடப்பட்டுக் கொல்லப்பட்டார். ரேங்கின் சமரசம் பேச முயன்றார். பியூட்டுக்கே வந்து தொழிலாளர் கூட்டத்தில் பேசினார். தேவையானால் சுரங்கங்களை அரசே ஏற்று நடத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. மாநிலத்திலேயே பெரிய நிறுவனத்தை அவர் பகைத்துக்கொண்டது மட்டும் நடந்தது.

அதே 1917-இல் மாநிலச் சட்டமன்றம் மொன்டானாவைக் கிழக்கு, மேற்கு என இரண்டு தொகுதிகளாகப் பிரித்தது. ரேங்கினின் ஊரான மிசௌலா, ஜனநாயகக் கட்சி வலுவாக இருந்த மேற்குத் தொகுதிக்குள் வந்தது. மாநிலம் முழுவதும் பரவியிருந்த அவருடைய ஆதரவும் இரண்டாவது வாக்கு என்ற வாய்ப்பும் ஒரே சட்டத்தால் பயனற்றுப் போயின. மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் தேர்தல் என்று இனி எஞ்சியது செனட் தேர்தலே. ஆகவே 1918-இல் செனட்டுக்குப் போட்டியிட்டார்.

குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் ஆஸ்கர் லான்ஸ்ட்ரமிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அதன் பின்னும் விலகாமல், தேசியக் கட்சி என்ற சிறு கட்சியின் வேட்பாளராகப் பொதுத்தேர்தலில் நின்றார். பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சியின் தாமஸ் வால்ஷ் வென்றார், லான்ஸ்ட்ரம் இரண்டாவது, ரேங்கின் ஏறத்தாழ 23 சதவீத வாக்குகளுடன் மூன்றாவது. போர்க்காலத்தில், பெரிய கட்சி எதுவும் இன்றி, அனகோண்டாவின் செய்தித்தாள்கள் எதிர்த்து எழுத, ஐந்தில் ஒருவருக்கு மேல் அவருக்கு வாக்களித்தனர் என்பதைச் சிறிய செய்தியாகக் கொள்ள முடியாது.

போரை எதிர்த்து வாக்களித்தவர்கள் எல்லோரும் மக்களால் தண்டிக்கப்பட்டனரா என்பதையும் பார்க்கவேண்டும். கிளாட் கிட்சின் 1918-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். செனட்டில் எதிர்த்த அறுவரில் நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிசும் அவ்வாண்டு வென்றார். மிசிசிப்பியின் ஜேம்ஸ் வர்டமன் தோற்றார். ஏப்ரல் 6 வாக்கு ரேங்கினுக்குக் கேடு செய்தது உண்மை. ஆனால் அது மட்டுமே அவரைத் தோற்கடித்தது என்று சொல்ல இந்த முடிவுகள் இடம் தரவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து

இடைப்பட்ட காலத்தில் ரேங்கின் அமைதி இயக்கங்களில் பணியாற்றினார். 1919-இல் சூரிச்சில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டுக்கு ஜேன் ஆடம்சுடன் சென்றார். ஜார்ஜியா மாநிலத்தில் சிறு பண்ணை ஒன்றை வாங்கி மின்சார வசதிகூட இல்லாமல் எளிமையாக வாழ்ந்தார். 1929 முதல் பத்தாண்டுகள் போர்த் தடுப்புக்கான தேசிய அமைப்பு ஒன்றின் சார்பில் காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டுவதே அவருடைய வேலை. ஆனால் தம் சட்டப்படியான இருப்பிடத்தை மொன்டானாவிலேயே வைத்திருந்தார்.

1940-இல் அதே மேற்குத் தொகுதியில் போட்டியிட்டார். அப்போதைய உறுப்பினர் ஜேகப் தோர்க்கெல்சன் குடியரசுக் கட்சிக்காரர். வெளிப்படையாக யூத வெறுப்புப் பேசியவர். முதற்கட்டத் தேர்தலில் அவரை ரேங்கின் தோற்கடித்தார். பரப்புரையைத் தொகுதியின் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கினார். வாக்கில்லாத மாணவர்களிடம், உங்கள் பெற்றோரிடம் போரைப் பற்றிப் பேசுங்கள் என்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி ஓ'கானலைச் சுமார் 54 சதவீத வாக்குகளுடன் வென்றார். 60 வயதில் மீண்டும் அவைக்கு வந்தபோது அவர் விந்தைப் பொருளாக இல்லை. சில பெண்கள் ஏற்கெனவே அங்கு இருந்தனர். போர் எதிர்ப்பிலும் தனியாக இல்லை. பிரிட்டனுக்கு ஆயுத உதவி செய்யும் கடன்-குத்தகைச் சட்டத்தை 1941 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 260–165 என்ற கணக்கில் நிறைவேற்றியபோது எதிர்த்த 165 பேரில் ரேங்கினும் ஒருவர்.

டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. டெட்ராய்ட்டில் பேசுவதற்காக ரயிலில் சென்றுகொண்டிருந்த ரேங்கின் செய்தி அறிந்து பிட்ஸ்பர்க்கில் இறங்கித் தலைநகர் திரும்பினார். மறுநாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் உரையாற்றியதும் செனட் 82–0 என்று போர் அறிவித்தது. பிரதிநிதிகள் சபையில் ரேங்கின் பேச எழுந்தார். சபாநாயகர் சாம் ரேபர்ன் அனுமதிக்கவில்லை. இல்லினாய் உறுப்பினர் எவரெட் டர்க்சன் உள்ளிட்டோர், 'ஆம்' சொல்ல மனமில்லையானால் எந்தப் பக்கமும் சேராமலாவது இருங்கள் என்று கேட்டனர். பெண்ணான தாம் போருக்குச் செல்ல முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன் என்று சொல்லி 'இல்லை' என்றார். முடிவு 388–1.

கூச்சல் எழுந்தது. அவைக்கு வெளியே சூழ்ந்த கூட்டத்திடமிருந்து தப்ப ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். காவலர் வந்து அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றனர். மொன்டானா முழுவதும் உனக்கு எதிராக நிற்கிறது என்று தம்பியிடமிருந்தே தந்தி வந்தது. கான்சஸ் மாநிலப் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட், அவர் செய்தது தவறு என்று சொல்லிக்கொண்டே அந்தத் துணிவைப் பாராட்டி எழுதினார். அக்காலத்தில் அச்சில் வந்த மிகச் சில நல்ல சொற்களில் அது ஒன்று.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, ஜெர்மனியும் இத்தாலியும் அமெரிக்கா மீது போர் அறிவித்தன. பதிலுக்குப் போர் அறிவிக்கும் இரு தீர்மானங்கள் அவைக்கு வந்தன. ஜெர்மனிக்கு 393–0, இத்தாலிக்கு 399–0. இரண்டிலும் ஒருவர் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. ரேங்கின் 'உள்ளேன்' என்று மட்டும் பதிலளித்தார். வருகையைப் பதிவு செய்யும் பதில் அது, வாக்கு ஆகாது. 1917-இல் ஆஸ்திரியா-ஹங்கேரிக்குச் சொன்ன அதே காரணத்தை இங்கும் சொல்லி 'ஆம்' என்றிருக்கலாம். எதிரியே போர் அறிவித்துவிட்டதால் அந்தக் காரணம் இங்கு முன்னிலும் வலுவானது. அவர் சொல்லவில்லை. டிசம்பர் 8 அன்று மற்றவர்கள் காட்டிய நடுவழியை மறுத்தவர், 11 அன்று தாமாக அதை எடுத்துக்கொண்டார். என் பார்வையில், 24 ஆண்டுகளில் அவர் மனம் எவ்வளவு மாறியிருந்தது என்பதைப் புகழ்பெற்ற அந்த ஒற்றை வாக்கைவிட இந்த 'உள்ளேன்' தெளிவாகக் காட்டுகிறது. போர் தொடங்கிய பின்னும் இனி அவரால் அதற்கு 'ஆம்' சொல்ல இயலவில்லை.

ஓராண்டு கழித்து, 1942 டிசம்பர் 8 அன்று, ரூஸ்வெல்ட் அரசு பொருளாதாரத் தடைகளால் ஜப்பானை வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தது என்று குற்றஞ்சாட்டும் உரையை அவைக் குறிப்பில் சேர்த்தார். எண்ணெய்த் தடை ஜப்பானை நெருக்கியது உண்மை. அதிலிருந்து திட்டமிட்ட சதி என்ற முடிவுக்குப் போனது அவருடைய வாதங்களில் பலவீனமானது.

1942 தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஆகவே 1941-இன் வாக்குக்கு மொன்டானா வாக்காளரின் தீர்ப்பு பதிவாகவே இல்லை. அவ்விடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் மைக் மான்ஸ்ஃபீல்ட் வந்தார். பின்னாளில் செனட்டில் நீண்டகாலம் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்து, வியட்நாம் போரில் தம் கட்சியின் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுடன் முரண்பட்டவர் அவர்.

பிற்காலம்

1946 முதல் 1971 வரை ரேங்கின் ஏழு முறை இந்தியாவுக்கு வந்தார். காந்தியின் அறப்போர் முறையை அறிவது அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1968 ஜனவரி 15 அன்று வியட்நாம் போரை எதிர்த்துச் சுமார் 5,000 பெண்கள் அவர் பெயரில் அமைந்த அணியாகக் காங்கிரஸ் கட்டடம் நோக்கிச் சென்றபோது 87 வயதில் முன்னே நடந்தார். மீண்டும் தேர்தலில் நிற்கவும் அப்போது எண்ணியதுண்டு.

2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் படையைப் பயன்படுத்த அதிகாரம் அளிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 420–1 என்று நிறைவேறியது. எதிர்த்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. அவருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆனால் போர் எதிர்ப்புக்குப் பேர்போன ஓக்லண்ட் பகுதியைச் சேர்ந்த அவருடைய தொகுதி, மறு ஆண்டே அவரைப் பெரும் வெற்றியுடன் திருப்பி அனுப்பியது. 1917-இல் எல்லை மாறிய ரேங்கினுக்குக் கிடைக்காதது அப்படியொரு தொகுதி.

மொன்டானாவிலிருந்து காங்கிரசுக்கு 2024 தேர்தல் வரை வேறெந்தப் பெண்ணும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. காங்கிரஸ் கட்டடத்தில் அம்மாநிலத்தின் சார்பில் 1985-இல் ரேங்கினின் வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. போருக்கு வாக்களிக்கத் தம்மால் முடியாது என்ற 1917-இன் சொற்கள் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நாட்டின் பக்கம் நிற்கவே விரும்புவதாக அவர் சொன்ன முற்பகுதி அதில் இல்லை.